ஒரு சாண் இறக்கையில் 'மதராஸ்' போர் விமானம்: சிவப்புப் பொட்டை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்!

பிரிட்டிஷ் விமானப்படையில் 'மதராஸ் மாகாணம்' என்று பெயர் சூட்டப்பட்ட போர் விமானப் பிரிவுகள் ஒன்றல்ல, மூன்று இருந்தன என்பது தெரியுமா? 79, 234, 264 ஆகியவைதான் அந்தப் பிரிவுகள். இரண்டாம் உலகப்போருக்காக நம் மாகாணத்தில் திரட்டிக் கொடுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர் அது. மனம் விரும்பிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், அதிகாரிகளின் முகத்துக்காகக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மூன்றில் 79-வது பிரிவுதான் நமக்கு நெருக்கம். 1942-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இந்தப் பிரிவு, ஹரிக்கேன் விமானங்களில் வங்காளத்திலிருந்து கிளம்பி பர்மாவின் அரக்கான் பகுதியில் சண்டையிட்டது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் தனி சமஸ்தானம். மதராஸ் மாகாணத்தில் சேராதது. ஆனாலும் பர்மா என்ற சொல் இங்கே வேறு மாதிரி ஒலிக்கும். கடியாபட்டி, ராயவரம், நச்சாந்துபட்டி பக்கம் போனால் நகரத்தார் வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் நிற்கின்றன. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு வீசியபின், ஊர் திரும்பக் கிளம்பிய இந்தியர்களில் பெருங்கூட்டம் நடந்து வந்த வழிகளில் ஒன்று இதே அரக்கான்தான்.

அந்த வானத்தில் பறந்த விமானத்தை உங்கள் வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம். 1/72 என்பது மாடல் பிரியர்களிடம் பிரபலமான அளவு. நிஜ ஹரிக்கேனின் இறக்கை அகலம் சுமார் 12.2 மீட்டர். 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 17 சென்டிமீட்டர், ஒரு சாண் இருக்கும். விமானி இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டார்.

கிட் வாங்கும்போதே கவனம் தேவை. ஹரிக்கேனில் பல ரகங்கள் உண்டு. பிரிட்டன் வானில் 1940-ல் புகழ்பெற்றது மார்க் 1. அதன் இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். பர்மா போரில் பறந்த 'டூ-சி' ரகத்தில் நான்கு பீரங்கிகள் இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தூசியை வடிகட்ட மூக்கின் கீழே தாடை போல ஒரு ஃபில்டரும் புடைத்திருக்கும். போலந்தின் 'ஆர்மா ஹாபி' நிறுவனம் 1/72 அளவில் டூ-சி வெளியிட்டிருக்கிறது.

பாகங்களைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக் கூடாது. கட்டர் இல்லாவிட்டால் நல்ல நகவெட்டி போதும். முதலில் விமானி அறைக்குள் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் உடலின் இரண்டு பாதிகளை ஒட்ட வேண்டும். பிறகு உள்ளே தூரிகை நுழையாது. இணைப்பு இடைவெளிகளைப் பட்டி வைத்து அடைத்து, ஈர உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் உடலின் பின்பாதியில் கை வைக்காதீர்கள். நிஜ விமானத்தில் அந்தப் பகுதி துணியால் போர்த்தியது. துணிக்கு அடியில் இருக்கும் மெல்லிய வரிகள் கிட்டிலும் தெரியும். தேய்த்தால் போயே போய்விடும்.

நம்ம ஊர் சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும். கொஞ்சம் நீர்க்கவைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும், இல்லையென்றால் கடுகளவு பாகங்களைக் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். மேலே அடர் பச்சையும் மண் பழுப்பும், கீழே சாம்பல். பசை, பெயின்ட் வாசனைக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளேடு பிடிக்கும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, சின்னம். பல கிட்களில் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்புப் பொட்டு இருக்கும். பெட்டியில் இருக்கிறதே என்று அப்படியே ஒட்டினால், அது ஐரோப்பிய விமானமாகிவிடும். ஜப்பானிய விமானங்களின் சின்னமே சிவப்பு வட்டம்தான். சண்டையின் அவசரத்தில், ஒரு நொடியில், சிவப்பு தெரிந்தால் சொந்தப் படையே சுட்டுவிடும் அபாயம் இருந்தது. அதனால் 1943-ன் நடுவில் இந்தியா-பர்மா முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். வெள்ளையும் போய், அடர் நீல வட்டத்துக்குள் வெளிர் நீல வட்டம் வந்தது. விமானியின் உயிரைக் காக்கச் செய்த மாற்றம் அது. மாடலில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இரட்டை நீல டீக்கல்கள் தனியாகவும் விற்கின்றன. கிடைக்காவிட்டால், இன்ஜினீயரிங் டிராயிங் மாணவர்கள் வைத்திருக்கும் வட்ட டெம்ப்ளேட்டை வைத்துத் தீட்டிவிடலாம். டீக்கல் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மினுங்கும்.

கடைசியாக அழுக்கு. அரக்கான் முனையில் பல ஓடுதளங்கள் வயல் வரப்புகளை வெட்டிச் சமன்படுத்திப் போட்டவை. அதனால் சக்கரத்திலும் வயிற்றிலும் புழுதி இருக்கலாம். சாக்பீஸ் தூளைப் பழுப்பாகக் கலந்து தேய்த்தால் போதும். விமானி மிதித்து ஏறும் இறக்கை அடியில் பெயின்ட் உதிர்ந்து உலோகம் தெரியலாம். துணி போர்த்திய பின்பாதியில் மட்டும் வெள்ளிக் கீறல் போடாதீர்கள். கண்ணாடிக் கூண்டுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், புகை படிந்தது போல வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.

ஹரிக்கேன் முடிந்ததா? 79-வது பிரிவு 1944-ல் அமெரிக்கத் தயாரிப்பான தண்டர்போல்ட்டுக்கு மாறியது. போர் முடிந்து 1945 டிசம்பரில் கலைக்கப்படும்வரை அதில்தான் பறந்தது. அதுவும் 1/72-ல் ஏறக்குறைய ஒரு சாண்தான். அதற்கும் இதே இரட்டை நீலம்தான்.