கண் சிமிட்டும் கணக்கு

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைவீதியிலே பனிமூட்டம் இறங்கிவிட்டதென்றால், தேயிலைச் செடிகளும் தெரியா, பள்ளமும் தெரியாது, முன்னே செல்லும் வண்டியின் உருவமும் தெரியாது. அவ்வண்டியின் பின்புறத்திலே மஞ்சள் விளக்கொன்று விட்டு விட்டு எரிவது மாத்திரமே கண்ணுக்குப் புலப்படும். அந்தச் சிமிட்டலை நம்பித்தான் பின்னால் வருபவன் தன் உயிரையும், தன் வண்டியில் இருப்போரின் உயிரையும் நடத்திச் செல்கிறான். அச்சிமிட்டல் எவ்வளவு வேகத்தில் இருத்தல் வேண்டும், அதனை நாம் விரும்பியவாறு கூட்டவோ குறைக்கவோ செய்யலாமா என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். எமக்கும் ஒரு மாலைப் பொழுது வரையில் அவ்வாறே தோன்றியிருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் புது வண்டி வாங்க இயலாதோர் பழைய வண்டிக்குப் புதுநகை பூட்டி மகிழ்ந்தனர். நாமும் எமது பழைய காரின் சமிக்ஞை விளக்குகளிலிருந்த சாதாரண மின்குமிழ்களை அகற்றி, எல்.ஈ.டி. குமிழ்கள் நான்கினைப் பொருத்தினோம். ஒளி பிரமாதமாக இருந்தது. ஆனால், ஆளியைத் தட்டியதும் விளக்குகள் பேய் பிடித்தாற்போலப் படபடவென்று அடித்துக்கொண்டன.

வண்டி திருத்தும் பாஸ் அதைப் பார்த்துச் சிரித்தார். "அது ஒண்ணுமில்ல சேர். பக்கத்துக்கு ரெண்டு ரெசிஸ்டர் போட்டா சரியாகிடும்" என்றார். போட்டார், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எமது கார் முன்போலவே நிதானமாகச் சிமிட்டிற்று. நாமும் அதனை மறந்தோம்.

சில மாதங்களுக்குப் பின்னர் ஒரு நாள் மாலை, பூனாகலை வீதியில் மூடுபனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தோம். வலப்புறத்திலே தோட்டத்து வீதியொன்றில் திரும்பவேண்டும். முறைப்படி வலப்பக்கச் சமிக்ஞையைப் போட்டோம்; வேகத்தைக் குறைத்தோம். எமக்கு முன்னேயிருந்த சிறு பச்சை விளக்கு வழக்கமான தாளத்தில் 'டிக், டிக்' என்று சிமிட்டிக்கொண்டிருந்தது. காரைத் திருப்பிய கணத்தில், பின்னாலிருந்து ஒரு முச்சக்கர வண்டி எம்மைக் கடக்கவென வலப்புறமாக ஏறி வந்து, கிறீச்சிட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றது.

"என்ன சேர் இது! சிக்னல் போடாமலா திருப்புறது?" என்று அவ்விளைஞர் பதறிப்போய்க் கேட்டார்.

"போட்டிருக்கிறேனே, தம்பி!" என்றோம் நாமும் சிறிது சினத்துடன்.

அவர் ஒன்றும் பேசாமல் எம்மைக் காரின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். முன்விளக்கு ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்விளக்கோ இருண்டு கிடந்தது! நாம் வேகம் குறைத்ததை வழி விடுவதாகவே அவர் எண்ணிவிட்டார். அவரைக் குறை சொல்ல எமக்கு வாய் எழவில்லை.

பின்விளக்கு எத்தனை நாளாய் எரியவில்லையோ! எமக்கு ஏன் அது தெரியாமற் போயிற்று? இதற்கு விடை காண, இச்சிமிட்டலை உண்டாக்கும் சிறு பெட்டியின் வரலாற்றைச் சற்றே பார்த்தல் வேண்டும்.

முற்காலத்தில் கார்கள் கண் சிமிட்டவில்லை, கை நீட்டின. இலங்கை வீதிகளில் பெருவழக்காயிருந்த மொறிஸ் மைனர் கார்களின் ஆரம்ப வகைகளிலே, கதவருகேயுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் நிறச் சிறு கையொன்று வெளியே எழுந்து நிற்கும். அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் புயிக் கார்களிலே சிமிட்டும் விளக்குகள் வந்துவிட்டன. பின்னர் உலகெங்கும் அவையே நிலைத்தன.

அக்காலத்துச் சிமிட்டிப் பெட்டி, அதாவது பிளாஷர், வெப்பத்தினால் இயங்கியது. அவற்றுட் பலவற்றில் இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு இருக்கும். மின்னோட்டம் பாயும்போது தகடு சூடேறும். இரு உலோகங்களும் சமமாக விரிவதில்லையாதலால் தகடு வளையும், தொடுகை விடுபடும், விளக்கு அணையும். தகடு குளிர்ந்ததும் நிமிர்ந்து மீண்டும் தொடும், விளக்கு எரியும். ஒரு குமிழ் பழுதடைந்தால் மின்னோட்டம் குறையும்; தகடு சூடேறத் தாமதமாகும்; சிமிட்டல் மந்தமாகிவிடும், அல்லது விளக்கு அணையாமலே நின்றுவிடும். சாரதி ஏதோ கோளாறு என்று அறிந்துகொள்வார். யாரும் திட்டமிடாமலே அமைந்த எச்சரிக்கை அது.

பின்னர் வந்த மின்னணுப் பிளாஷரிலே தகட்டின் வேலையைத் தடையும் கொள்ளளவியும் செய்கின்றன. கொள்ளளவி மின்னேற்றம் பெற்று இழப்பதே தாளம். எச்சரிக்கை போய்விடலாகாது என்று கருதிய பொறியியலாளர், விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளந்து பார்க்கும் ஏற்பாட்டையும் அதனுள்ளே வைத்தனர். மின்னோட்டம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் சிமிட்டல் ஏறத்தாழ இரட்டிப்பு வேகமாகும். எனவே வேகமான சிமிட்டல் பிளாஷரின் நோயன்று. வேறோரிடத்து நோயைச் சொல்லும் நாடி. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நாடியையே திருத்த முற்படுவாரா?

கணக்கைப் பாருங்கள். பல கார்களில் ஒரு பக்கத்துக்கு முன்னே 21 வாற்று, பின்னே 21 வாற்று, விலாப்புறத்தில் 5 வாற்று என மூன்று குமிழ்கள். மொத்தம் 47 வாற்று. 12 வோல்ற்றிலே ஏறக்குறைய 3.9 அம்பியர். பெரிய குமிழொன்று அறுந்தால் எஞ்சுவது 26 வாற்று, அதாவது 2.2 அம்பியர். பிளாஷர் உடனே படபடக்கும். முன்னும் பின்னும் 3 வாற்று எல்.ஈ.டி. குமிழ்களை இட்டால் மொத்தமே 11 வாற்றுத்தான். ஓர் அம்பியர்கூட இல்லை. இரு குமிழ்களும் செத்துவிட்டன என்றே பிளாஷர் முடிவு செய்கிறது. எமது காரில் முதலில் நிகழ்ந்தது இதுவே.

பாஸ் பொருத்திய தடை என்ன செய்தது? 6 ஓம் தடையொன்றைக் குமிழுக்குச் சமாந்தரமாக இணைத்தால், 12 வோல்ற்றில் அது 2 அம்பியரை உறிஞ்சிக்கொள்ளும். 24 வாற்றும் வீணே வெப்பமாகும். இயந்திரம் ஓடும்போது அழுத்தம் 14 வோல்ற்று வரை ஏறுவதால் அவ்வெப்பம் ஏறத்தாழ 33 வாற்றாகும். நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டு வீதியோரம் நிறுத்திவைத்தால் கை சுடும். அதனை உலோகத்தில் திருகிப் பூட்டவேண்டுமேயன்றிப் பிளாஸ்ரிக்கிலோ கம்பிக் கட்டிலோ ஒட்டிவைத்தல் ஆபத்து. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் குமிழை வாங்கி, மிச்சப்பட்டதை எரித்துத் தீர்க்க இன்னொன்றையும் வாங்கியிருக்கிறோம்!

ஆனால், வெப்பத்தைவிடப் பெரிய தீங்கு வேறு. எல்.ஈ.டி. குமிழ் செத்தாலும் தடை தன் பங்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிளாஷருக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். சாரதியின் முன்னுள்ள பச்சை விளக்கும் பொய்ச்சாட்சி சொல்லும். பூனாகலை வீதியில் எம்மை ஏமாற்றியது அதுவே.

மற்றொரு வழி, எல்.ஈ.டி.க்கென்றே செய்யப்பட்ட பிளாஷரை மாற்றுவது. சுமை எதுவாயினும் அது ஒரே தாளத்தில் சிமிட்டும், வெப்பமும் இல்லை. தடையினும் இது மேலென்பது எமது கருத்து. எனினும் இத்தகைய பிளாஷர்களிற் பெரும்பாலானவை குமிழ் அறுந்ததைச் சொல்லமாட்டா. புதிய கார்கள் பலவற்றில் தனிப் பிளாஷரே கிடையாது, கணினியே சிமிட்டுகிறது. அங்கே கை வைக்காதிருப்பதே நன்று.

பிளாஷரைத் திறந்து தாளத்தையே மாற்ற விரும்பும் மாணவருக்கும் கணக்கு எளியது. ஒரு சிமிட்டலுக்கு ஆகும் நேரம், தடையையும் கொள்ளளவியின் கொள்ளளவத்தையும் பெருக்கிவரும் தொகைக்கு நேர்விகிதம். கொள்ளளவத்தை ஒன்றரை மடங்காக்கினால் 90 என்பது 60 ஆகும். ஆயினும் அதற்கு எல்லையுண்டு. ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை என்று வரையறுத்திருக்கின்றன. ஆளியைத் தட்டி ஒரு செக்கனுக்குள் முதல் ஒளி தோன்றவேண்டும் என்றும் கூறுகின்றன.

இவ்வெல்லை எதற்கு? மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியொன்று செக்கனுக்கு 11 மீற்றர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 30 முறை சிமிட்டினால், இரு சிமிட்டல்களுக்கிடையே 22 மீற்றர் கடந்துவிடும். மலைவீதி வளைவிலே அவ்வளவு தூரம் பார்வைக்குக் கிடைப்பதே அரிது. மறுபுறம், மிக விரைவாகத் துடித்தாலோ, பனிமூட்டத்தில் அது சிமிட்டலாகவே தோன்றாது. நடுங்கும் ஒளியாகத் தோன்றும். செக்கனுக்கு மூன்று முறைக்கு மேல் துடிக்கும் ஒளி சிலருக்கு வலிப்பையும் தூண்டக்கூடும். எமது பக்கத்து முச்சக்கர வண்டிகள் சில, பின்புறம் முழுவதும் திருவிழாத் தேர்போல மின்னிக்கொண்டு போகின்றன. அழகில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதுதான் தெரிவதில்லை!

ஆகவே, சிமிட்டல் திடீரென வேகமானால் முதலில் நான்கு மூலைக் குமிழ்களையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். 21 வாற்றுக்குரிய இடத்தில் சிறிய குமிழ் இருக்கிறதா என்றும் நோக்கவேண்டும். அடுத்து, பூமித்தொடுப்பைத் துருவிப் பார்க்கவேண்டும். மழையும் பனியும் மாறிமாறி நனைக்கும் இம்மலைப் பகுதியிலே விளக்குக்கூட்டின் பூமிக்கம்பி துருவேறி மின்னோட்டம் குன்றுவதுண்டு. உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலே போதுமான இடத்தில் பிளாஷருக்குப் பணம் செலவிடுவானேன்?

நாம் தடைகளைக் கழற்றிவிட்டு, பழைய 21 வாற்றுக் குமிழ்களையே மீண்டும் பொருத்திக்கொண்டோம். இப்போது பூனாகலைப் பக்கம் புறப்படுமுன், எமது இளைய மகள் கைக்கடிகாரத்துடன் காரைச் சுற்றி வந்து சிமிட்டலை எண்ணுவது வழக்கம். இரு பக்கமும் நிமிடத்துக்கு 84. சென்ற மாதம் ஒரு நாள் காலை, "அப்பா, இடப்பக்கம் நூற்றெழுபது!" என்று கூவினாள். இறங்கிப் பார்த்தோம். முன்குமிழின் இழை அறுந்திருந்தது.