ஊடுகதிரும் உடலும் – 7: முத்துச் சிப்பிக்கு எடுத்த எக்ஸ்ரே

கதிர்க்குழாயின் அமைப்பு சென்ற இதழிலேயே சொல்லப்பட்டுவிட்டது. இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்ட கதிரளவுக் கணக்கோ, மன்னார் வளைகுடா குறுக்கிட்டதால், கட்டுரையின் கடைசிக்கு ஒதுங்க நேர்ந்தது.

ரான்ட்கன் 1895-இல் இக்கதிர்களைக் கண்டறிந்த ஆறாண்டுகளுக்குள், சிப்பியைப் பிளக்காமலே அதனுள் முத்து உண்டா என்று எக்ஸ்ரேயால் அறியலாம் என்ற யோசனையை 1901-இல் பிரெஞ்சு உயிரியலாளர் ரஃபேல் துபுவா முன்வைத்தார். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான இலங்கையில், முத்துப் பார்களை, அதாவது சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் திட்டுகளை, 1906-இல் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் அதைச் செய்தும் பார்த்தது. இரு கரைகளிலும் அதுவரை இருந்த வழக்கம், சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கழுவித் தேடுவதுதான். ஒரு முத்துக்காக எண்ணற்ற வெற்றுச் சிப்பிகள் மடிந்தன. படமெடுத்தாலோ முத்தில்லாதவை உயிரோடு கடலுக்குத் திரும்பலாம்.

முத்து படத்தில் தெரிவதற்கான காரணமே எலும்பு தெரிவதற்கும் காரணம். முத்து கால்சியம் கார்பனேட்டாலும், எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டாலும் ஆனவை. கால்சியம் ஊடுகதிரை மிகுதியாக உறிஞ்சுவதால், அது செறிந்த இடம் படத்தில் வெளுப்பாகவும், கதிர் எளிதில் கடக்கும் நுரையீரல் கறுப்பாகவும் பதிகின்றன. ஆனால் சிப்பியின் ஓடும் கால்சியம் கார்பனேட்டே என்பதால், சிறுமுத்து ஓட்டின் நிழலில் மறைந்துவிடக்கூடும். நெஞ்சுப் படத்தில் விலா எலும்பின் பின்னால் ஒரு புள்ளி மறைவதும் இவ்வாறே. எனவே மருத்துவர் பக்கவாட்டிலும் ஒரு படம் கேட்டால், முதல் படம் கெட்டுப்போனது என்றோ பணம் பிடுங்குகிறார்கள் என்றோ உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன பின், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-இல் இங்கே உருண்டை முத்தை வளர்த்தெடுத்தனர். சிப்பிக்குள் ஓட்டுமணியொன்றைக் கருவாகப் பதித்து வளர்க்கும் இத்தகைய முத்தை எக்ஸ்ரேயில் வைத்தால், கருவுக்கும் அதன்மேல் படிந்த உறைக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு பெரும்பாலும் புலப்பட்டுவிடும்; இயற்கை முத்தில் அத்தகைய மணி இராது. நகைச்சந்தையில் இச்சோதனைக்கு இன்றும் மதிப்புண்டு.

நோயாளியிடம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்வதும் இக்காரணத்தாலேயே: உலோகமும் முத்தும் வெள்ளை நிழலாகி நோயை மறைக்கும், அல்லது நோய்போல் தோன்றும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது நுரையீரல் முழுதும் விரிவதற்காகவும், அசைவால் படம் மங்காதிருப்பதற்காகவும் ஆகும். குளியாளி கடலடியில் அடக்கிய மூச்சோடு ஒப்பிட்டால் இது நொடிப்பொழுது. கருவுற்றிருப்பவரும் கருவுற்றிருக்கலாம் என ஐயுறுபவரும் படமெடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களை உடன் கொண்டுசென்றால், அதே படத்தை மீண்டும் எடுப்பதைத் தவிர்க்கக்கூடும்.

மின்சாரம் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. கதிரின் விளைவை அளக்கும் அலகான மில்லிசீவெர்ட்டில், ஒரு நெஞ்சுப் படத்துக்கு ஏறத்தாழ 0.02 முதல் 0.1 வரை ஆகும். மண், காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து மனிதர் ஆண்டுதோறும் பெறும் இயற்கைக் கதிரின் உலகச் சராசரியோ 2.4. சி.டி. ஸ்கேனின் அளவு நெஞ்சுப் படத்தினதைவிடப் பன்மடங்கு மிகுதி. அதை எப்போது ஏற்கலாம், எப்போது மருத்துவரிடம் காரணம் கேட்கலாம் என்பது அடுத்த இதழில், வேறு கடல் குறுக்கிடாவிட்டால்.