முன்பற்களை ஆறு மாதத்தில் நேராக்க முடியுமா?

தெற்றுப்பல், எத்துப்பல், சிங்கப்பல் என்று வரிசை தவறி நிற்கும் பல்லுக்கு நம் மொழியில் பெயர்கள் பல உண்டு. சிறு வயதில் இவற்றைச் சரிசெய்து கொள்ளாதவர்கள், "இனி என்ன செய்வது, எலும்பு முற்றிவிட்டதே" என்று விட்டுவிடுவது வழக்கம். நீங்களும் அப்படி எண்ணியிருக்கலாம். ஆனால் முப்பது வயதிலும் பல் நகரும். ஐம்பது வயதிலும் நகரும். அதற்கு வேண்டிய விசை மிகச் சிறியது. அது இடைவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரியவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறை பரவியிருக்கிறது. சிரிக்கும்போது வெளியே தெரியும் ஆறு அல்லது எட்டுப் பற்களை மட்டும் நேராக்குவதே அதன் நோக்கம். வாய் முழுவதையும் சீரமைக்கும் வழக்கமான சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். இந்தக் குறுகிய கால முறையிலோ நான்கு முதல் ஒன்பது மாதங்களில் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். "சிக்ஸ் மந்த் ஸ்மைல்ஸ்", அதாவது "ஆறு மாதப் புன்னகைகள்" என்பது இவ்வகைச் சிகிச்சை ஒன்றின் வணிகப் பெயர். இரண்டு ஆண்டு வேலை எப்படி ஆறு மாதத்தில் முடிகிறது? எதை விட்டுவிடுவதால் இந்தக் காலம் மிஞ்சுகிறது? கம்பி கட்டிக்கொள்ள நினைப்பவர் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே.

பல் நகரும் விதம்

சுவரில் அடித்த ஆணியைப் போலப் பல் எலும்பில் இறுகி நிற்பதாகவே நாம் நினைக்கிறோம். உண்மையில் பல்வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழக் கால் மில்லி மீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய நார்களின் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரைக் கயிறுகள் தாங்குவது போல, நீங்கள் முறுக்கைக் கடிக்கும்போது பல்லை இந்த நார்கள் தாங்குகின்றன. நார்களுக்கு இடையே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உயிரணுக்களும் நிறைந்துள்ளன.

ஒரு பல்லை மெல்ல, ஆனால் விடாமல் தள்ளினால் என்ன ஆகும்? முன்பக்கத்தில் படலம் நசுங்கும். பின்பக்கத்தில் நார்கள் இழுபடும். நசுங்கும் பக்கத்தில் ஓரிரு நாட்களில் ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பரிக்கும் அணுக்கள் தோன்றி எலும்பைக் கரைக்கத் தொடங்குகின்றன. இழுபடும் பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பாக்கும் அணுக்கள் புதிய எலும்பை இடுகின்றன. முன்னால் குழி விரிகிறது. பின்னால் தூர்ந்துகொண்டே வருகிறது. இவ்வாறு பல் தன் குழியோடு சேர்ந்தே இடம் பெயர்கிறது. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட், நாய்களின் பற்களை நகர்த்தி, அந்த எலும்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1904-இல் இதைக் காட்டினார்.

அவர் இன்னொன்றையும் கண்டார். விசை மிகுந்துவிட்டால் நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, படலம் கண்ணாடி போன்ற உயிரற்ற பொருளாகிவிடுகிறது. எலும்பரிக்கும் அணுக்கள் அங்கே தோன்ற வழியில்லை. அவை பக்கத்து எலும்பிலிருந்து குடைந்துகொண்டு வந்து சேரும்வரை பல் அசையாமல் நிற்கும். வலியும் கூடும். ஆகவே, அவசரப்பட்டு இறுக்கினால் தாமதம்தான் மிச்சம். 1932-இல் ஷ்வார்ஸ் என்பவர், விசையானது நுண்குழாய்களின் இரத்த அழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்று கூறி, ஒரு சதுர சென்டி மீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என அளவும் குறித்தார். ஒரு முன்பல்லைச் சாய்ப்பதற்கு 35 முதல் 60 கிராம் விசை போதும் என்பது இன்றைய கணக்கு. ஒரு கோழிமுட்டையின் எடைதான்!

இத்தகைய விசையில் பல் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் நகரும். வயது வந்தவர்களிடம் தொடக்கம் சற்று மந்தமாக இருக்கும்; பிறகு பெரிய வேறுபாடு இல்லை. சிறுவர்களிடம் தாடையின் வளர்ச்சியையே ஓரளவு திருப்பிவிட முடியும். வளர்ந்தவர்களிடம் அது இயலாது. எந்த விளம்பரமும் இந்த உடலியல் கணக்கை மாற்ற முடியாது. பல் போக வேண்டிய தூரத்தைக் குறைப்பதால்தான் சிகிச்சைக் காலம் குறைகிறது.

ஏவுகணைக்கு வந்த உலோகம்

இன்று பயன்படும் கருவியின் மூதாதை, எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1928-இல் வெளியிட்ட பிராக்கெட் ஆகும். பிராக்கெட் என்பது கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பள்ளமுள்ள சிறு கட்டை. அக்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டி, அதன்மேல் பிராக்கெட்டைப் பற்றவைத்தார்கள். வாய் நிறையப் பட்டையுடன் அலுவலகம் போக எந்தப் பெரியவர் இசைவார்? 1955-இல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர், பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் சற்று நேரம் தடவிக் கழுவினால் அதன் பரப்பு சொரசொரப்பாகிப் பிசின் நன்கு பற்றுவதைக் கண்டறிந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் பிராக்கெட்டை நேரே பல்லில் ஒட்டும் முறை வந்தது. 1980களின் பிற்பகுதியில் பல்லின் நிறத்தையொத்த பீங்கான் பிராக்கெட்டும் வந்து சேர்ந்தது.

கம்பியின் கதை இன்னும் சுவையானது. எஃகுக் கம்பி விறைப்பானது. கோணிய பல்லோடு அதை வளைத்துக் கட்டினால் முதலில் மிகுந்த விசை தரும். பல் சிறிது நகர்ந்தவுடன் விசை சட்டென்று தளர்ந்துவிடும். 1959 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கு ஏற்ற உலோகக் கலவையைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டேனியமும் சம அளவு அணுக்களாகக் கலந்த ஒரு கலவை அவர் கவனத்தை ஈர்த்தது. 1961-இல் அந்த ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், விசிறி மடிப்பாக மடித்த இக்கலவைத் தகடு கைக்குக் கை மாறியது. ஒருவர் புகைக்குழாய் பற்றவைக்கும் கருவியால் அதைச் சூடாக்கினார். தகடு தானாகவே நீண்டு நேரானது! உலோகங்களின் பெயரையும் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் சேர்த்து அதற்கு நிட்டினால் என்று பெயரிட்டார்கள்.

அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970களின் தொடக்கத்தில் இதைப் பல் கம்பியாக்கினார். முதலில் வந்த கம்பியில் வடிவத்தை நினைவில் கொள்ளும் பண்பு பயன்படவில்லை. எஃகின் விறைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உள்ள மென்மைதான் பயன்பட்டது. 1980களின் நடுவில் சீனாவிலும் ஜப்பானிலும் உருவான நிக்கல்-டைட்டேனியக் கம்பிகள் ஒரு படி மேலே போயின. அவற்றை எவ்வளவு வளைத்தாலும் விசை ஓர் எல்லைக்குமேல் ஏறுவதில்லை. பல் நகர்ந்து வரும்போதும் விசை அதிகம் தளர்வதில்லை. ஷ்வார்ஸ் கேட்டது போன்ற மென்மையான, நிலையான விசை வாரக்கணக்கில் கிடைக்கிறது. 0.3 முதல் 0.4 மில்லி மீட்டர் விட்டமுள்ள இந்த உருண்டைக் கம்பியே குறுகிய கால முறையின் உயிர்நாடி.

சாய்ப்பது வேறு, பெயர்ப்பது வேறு

ஈரமணலில் ஒரு குச்சியைப் பாதியளவு ஊன்றி, மேல்நுனியை விரலால் தள்ளிப் பாருங்கள். மேல்நுனி முன்னே வரும். புதைந்துள்ள நுனி சற்றுப் பின்னே போகும். பல்லும் அப்படியே. தலைப்பகுதியில் மட்டும் விசை கொடுத்தால் பல் சாய்கிறது. வேர் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேரையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டுமானால் பிராக்கெட்டின் பள்ளத்தில் இறுகப் பொருந்தும் செவ்வகக் கம்பி வேண்டும். விசையும் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். மாதங்கள் பல வேண்டும்.

குறுகிய கால முறை முன்பற்களைச் சாய்த்தும் திருப்பியும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை அது தொடுவதில்லை. மேல்தாடை கீழ்த்தாடையைவிட முன்தள்ளி இருந்தால், சிகிச்சைக்குப் பின்னும் அப்படியே இருக்கும். கடி சரியில்லாததால் பல் தேய்பவருக்கும், உணவை மெல்ல முடியாதவருக்கும் இதனால் தீர்வு இல்லை. கடி ஓரளவு சரியாக இருந்து, முன்னால் இரண்டு மூன்று பற்கள் மட்டும் திரும்பியோ நெருங்கியோ நிற்பவருக்கே இது பொருத்தம்.

நெருங்கி நிற்கும் பற்களுக்கு இடம் எங்கிருந்து வரும்? மெல்லிய அரத்தாளால் பற்களின் பக்கவாட்டு எனாமலைச் சிறிது தேய்ப்பது ஒரு வழி. ஒரு தொடுமிடத்தில் இரு பற்களிலும் சேர்த்து அரை மில்லி மீட்டர் வரை எடுப்பார்கள். ஆறு முன்பற்களுக்கு இடையே ஐந்து தொடுமிடங்கள். ஆக இரண்டரை மில்லி மீட்டர். ஏழு மில்லி மீட்டர் இடம் வேண்டியவருக்கு இது எப்படிப் போதும்? மிச்சத்திற்காகப் பற்களை வெளியே சாய்த்தால் உதட்டுப் பக்க எலும்பின் விளிம்பை வேர் நெருங்கும், ஈறு கீழிறங்கலாம். இத்தகையவர்களுக்கு முன்கடைவாய்ப்பல்லை எடுத்துச் செய்யும் நீண்ட சிகிச்சையே ஏற்றது.

ஈறு நோய் உள்ளவர் அதை முதலில் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். வீங்கிய ஈறோடு பல்லை நகர்த்தினால் தாங்கும் எலும்பு விரைந்து அழியும். வேர்நுனி சிறிது கரைந்து குட்டையாவது எந்தக் கம்பிச் சிகிச்சையிலும் நேரக்கூடியதே. பெரும்பாலும் அது மிகச் சிறிதாகவே இருக்கும். எனவே எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்காமல் கம்பி கட்டுவதற்கு இசைய வேண்டாம். பல்லை நேரில் பார்க்காமல், அஞ்சலில் ஒளிபுகு தட்டுகளை அனுப்பிப் பற்களை நகர்த்திய அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் கேட்பாரின்றி நின்றார்கள்.

பற்சீரமைப்பு வல்லுநர்கள் பலர் குறுகிய கால முறையை அரைகுறைச் சிகிச்சை என்று குறைகூறுவதுண்டு. அதில் நியாயம் உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விரைவாக அழகு வேண்டுமென்ற பெரியவர்களுக்கு முன்பெல்லாம் நல்ல பற்களின் எனாமலைச் செதுக்கிவிட்டுப் பீங்கான் தகடு ஒட்டி அனுப்பினார்கள். செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது. தகட்டையும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டும். அதைவிடச் சொந்தப் பல்லை ஆறு மாதம் நகர்த்துவது எவ்வளவோ மேல். எது செய்யப்படும், எது செய்யப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கம்பி கழன்ற பிறகு

வேரைச் சுற்றியுள்ள நார்கள் புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஈற்றில் உள்ள மீள்தன்மை நார்களோ ஓராண்டு ஆனாலும் இழுத்த ரப்பரைப் போல முறுக்கேறியே இருக்கும். திருப்பி நேராக்கிய பல்லை அவை பழைய கோணத்திற்கே இழுக்கின்றன. இது போதாதென்று, கம்பியே கட்டாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது இயல்பு. ஞானப்பல் தள்ளுவதுதான் காரணம் என்று பலரும் சொல்வதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் உடன் பணியாற்றியவர்களும், முன்கடைவாய்ப்பல் எடுத்து முழுச் சிகிச்சை பெற்ற 65 பேரைப் பத்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 1981-இல் முடிவை வெளியிட்டனர். கீழ் முன்பற்கள் திருப்தியான வரிசையில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. யாருக்குக் கோணும், யாருக்குக் கோணாது என்று முன்கூட்டியே சொல்லவும் வழி கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுச் செய்த சிகிச்சையின் கதையே இது என்றால், ஆறு மாதத்தில் சாய்த்து நிறுத்திய பல் தானாக அங்கேயே நிற்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஆகவே ஆறு மாதம் என்பது கம்பி வெளியே தெரியும் காலம் மட்டுமே. அதன்பின் ரிடெய்னர் எனப்படும் நிலைநிறுத்தி வேண்டும். கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை பற்களின் பின்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய முறுக்குக் கம்பி ஒருவகை. அதன் அடியில் காரை சேராமல் நூல் விட்டுத் துப்புரவு செய்ய வேண்டும். ஒரு பல்லில் ஒட்டு விட்டாலும் உடனே காட்ட வேண்டும். இரவில் மட்டும் மாட்டிக்கொள்ளும் ஒளிபுகு தட்டு மற்றொரு வகை. நேரான பல் வேண்டும் என்பவர் அதை எத்தனை ஆண்டுகளானாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஆகும் செலவு முதலில் சொன்ன கட்டணத்தில் அடங்குமா, உடைந்தால் யார் செய்து தருவார் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் மாட்ட மறந்துவிட்டு மீண்டும் மாட்டும்போது தட்டு இறுக்கமாக இருந்தால், பற்கள் அந்த நாட்களில் அவ்வளவு தூரம் திரும்பிப் போயிருக்கின்றன என்று பொருள்.