மூன்றாவது பூனை வந்த பிறகு: தொடர்மாடி வீட்டில் சத்தமில்லாத சண்டை

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பெரும்பாலும் யாரும் பூனை வாங்குவதில்லை. அவை வந்து சேர்கின்றன. எங்கள் வீட்டின் மூன்றாவது பூனையும் அப்படித்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி கனடாவுக்குப் புறப்பட்டபோது, "ரோட்டில விட்டிட்டுப் போக மனம் வரேல்லை பிள்ளை" என்று கூடையோடு தந்தார். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து வீட்டையும் அங்கிருந்த பூனையையும் விட்டுவிட்டு நடந்தவர் அவர். எப்படி மறுப்பது?

இரண்டு கிழமைக்குள் அது என் கட்டிலில் சிறுநீர் கழித்தது. "பழக்கம் கெட்ட பூனை, சந்தையடியில கொண்டுபோய் விடுங்கோ" என்றார் அயல்வீட்டு அக்கா. பல பூனைகளின் கதை இப்படித்தான் முடிகிறது.

பிழை அதனுடையதல்ல. மணல் பெட்டி குசினிக்குப் பின்னால் இருந்தது. அங்கே போகும் ஒடுங்கிய வழியில் எங்கள் மூத்த ஆண் பூனை படுத்திருந்து, புதிதாக வந்ததையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சீறலும் இல்லை, கடியும் இல்லை. ஒற்றுமையாக இருக்கின்றன என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் பூனைகளுக்கிடையிலான பதற்றம் பற்றி 2024 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. முறைத்துப் பார்ப்பது, வழி மறிப்பது போன்ற சத்தமற்ற அறிகுறிகளைக் கவனிக்கும்படி அதுவும் சொல்கிறது.

பூனை தனியாக வேட்டையாடும் ஆபிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. பிடிக்காத ஒன்றைக் கண்டால் விலகிப்போவதே அதன் வழி. ஐந்தாம் மாடியில் எங்கே விலகிப்போவது?

அதனால் வீட்டைத்தான் மாற்றவேண்டும். மூன்று பூனைகளுக்கு நான்கு மணல் பெட்டிகள் என்பது பொதுக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடுக்கினால், பூனைக்கு அது ஒரே இடம்தான். எங்களால் மூன்றுதான் முடிந்தது, ஆனால் மூன்று வெவ்வேறு இடங்களில். சாப்பாட்டை ஒன்றையொன்று பார்க்காதபடி வைத்தோம். அலுமாரிக்கு மேலிருந்த பயணப்பெட்டிகளை இறக்கினோம். யன்னலுக்கு வலை அடித்தோம். நிலம் போதாத வீட்டில் உயரமும் இடம்தான்.

பிறகு புதியதைத் தனி அறையில் விட்டு, ஒன்று படுத்த துவாயை மற்றதிடம் மாற்றி மாற்றிப் போட்டோம். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்தோம். ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. அடிப்பதும், "அடிபட்டுப் பழகட்டும்" என்று விடுவதும் பதற்றத்தைக் கூட்டும். கருத்தடை செய்யாத கடுவன்களிடம் சண்டை அதிகம் என்பதால் அதையும் செய்வித்தோம்.

ஒன்று முக்கியம். கண்ட இடத்தில் சிறுநீர் போவது நோயாகவும் இருக்கலாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

"மூண்டும் ஒண்டாப் படுக்குதோ?" என்று சித்தி வட்ஸ்அப்பில் கேட்பார். இல்லை. மூத்தது அலுமாரிக்கு மேல், சித்தியுடையது யன்னலடியில், மற்றது என் கதிரையில்.