பிரெஞ்ச் ஃபிரைஸில் மீண்டும் மாட்டுக் கொழுப்பு: சுவைக்கான காரணமும் சைவ உணவாளர்கள் அறிய வேண்டியதும்

புது தில்லி: அமெரிக்கத் துரித உணவகங்களின் பொரிக்கும் சட்டிகளுக்கு மாட்டுக் கொழுப்பு மீண்டும் திரும்பிக்கொண்டிருக்கிறது. 'ஸ்டேக் அண்ட் ஷேக்' என்ற உணவகக் குழுமம், தனது பிரெஞ்ச் ஃபிரைஸை இனி மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கப்போவதாக 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. அந்நாட்டு சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் இதனை வெளிப்படையாகப் பாராட்டினார். பார்வைக்கு வெறும் உருளைக்கிழங்காகத் தெரியும் ஓர் உணவு சைவமா, அசைவமா என்ற கேள்வி, அங்கு வசிக்கும் இந்தியர்களுக்கும் அங்கு செல்வோருக்கும் மறுபடியும் எழுந்துள்ளது.

'டேலோ' எனப்படும் இக்கொழுப்பு, மாட்டின் உடலில், குறிப்பாகச் சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்துள்ள கொழுப்பை மிதமான சூட்டில் உருக்கி, வடிகட்டிப் பெறப்படுவது. ஆறியதும் வெண்ணிறத்தில் உறைந்துவிடும். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கை இருமுறை பொரித்தெடுக்கும் மரபு முறையிலும், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதி மீன் வறுவல் கடைகளிலும் இக்கொழுப்பே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

சுவை எங்கிருந்து வருகிறது?

உருளைக்கிழங்கில் கொழுப்பு என்பது ஏறத்தாழ இல்லை. சூடான கொழுப்பில் இட்டதும் அதன் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது; அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. எனவே, பொரித்த துண்டின் மணத்தைப் பெருமளவு தீர்மானிப்பது எதில் பொரித்தோம் என்பதே. மணம் தரும் சேர்மங்களில் பல நீரில் கரையாமல் கொழுப்பில் கரைபவை என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

இறைச்சிகளை வேறுபடுத்தும் மணமும் பெரும்பாலும் கொழுப்பில்தான் உள்ளது. கொழுப்பு நீக்கிய மாட்டுச் சதையும் ஆட்டுச் சதையும் சமைத்த பின் ஏறக்குறைய ஒரே மாதிரி மணக்கும். ஆட்டுக்கறிக்கே உரிய வாடையைத் தருபவை அதன் கொழுப்பிலுள்ள சிலவகைக் கொழுப்பு அமிலங்களே. இதில் விலங்குக் கொழுப்புக்கு மற்றொரு வசதியும் உண்டு. மாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், திரும்பத் திரும்பச் சூடேற்றினாலும் சூரியகாந்தி எண்ணெயைப் போல விரைவில் கெட்டுப்போவதில்லை. சமையற்காரருக்குச் சாதகமான இதே நிறைவுற்ற தன்மைதான் இதயநோய் மருத்துவர்களின் கவலைக்கும் காரணம், இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்துவது அதுவே. தாவர விதை எண்ணெய்களே நோய்களுக்குக் காரணம் என்ற வாதத்தை அமெரிக்க இதய சங்கம் ஏற்கவில்லை. 'தாவரம்' என்ற சொல்லும் முழு உத்தரவாதமன்று. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கும் அதிகம்.

1990இல் நிகழ்ந்த மாற்றம்

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தொடக்க காலத்தில் 93 சதவீத மாட்டுக் கொழுப்பும் 7 சதவீதப் பருத்திவிதை எண்ணெயும் கலந்த கலவையில் ஃபிரைஸைப் பொரித்தது. அதன் புகழுக்கே அந்தச் சுவைதான் காரணம் என்பர். மாரடைப்பிலிருந்து மீண்ட நெப்ராஸ்கா மாகாணத் தொழிலதிபர் ஃபில் சோகோலோஃப், நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டு இதற்கு எதிராகப் பிரசாரம் செய்தார். 1990 ஜூலையில் நிறுவனம் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தது. பகுதியளவு ஹைட்ரஜனேற்றப்பட்ட அவ்வெண்ணெய்களில் டிரான்ஸ் கொழுப்பு இருந்ததும், அது இதயத்துக்கு மேலும் கேடு என்பதும் பின்னர் உறுதியானது வேறு கதை. (நம் நாட்டு வனஸ்பதியும் அதே வகையைச் சேர்ந்ததே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கொழுப்பு மற்றும் எண்ணெய்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என 2022 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியுள்ளது.)

கொழுப்பு போயிற்று, சுவை போகவில்லை. ஆலையிலேயே ஃபிரைஸுடன் மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவையூட்டி சேர்க்கப்பட்டது. பொருட்பட்டியலில் அதற்கு இடப்பட்ட பெயர் 'இயற்கைச் சுவையூட்டி' என்பது மட்டுமே. எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கூற அமெரிக்க விதிகள் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. 'தாவர எண்ணெய்' என்ற அறிவிப்பை நம்பிப் பத்தாண்டுகளுக்கு மேல் உண்டு வந்த இந்துக்களும் பிற சைவ உணவாளர்களும் உண்மை அறிந்ததும் 2001 மே மாதம் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தனர். அதன் அதிர்வு இந்தியாவிலும் எதிரொலித்தது. மகாராஷ்டிர மாநிலம் தாணேயில் ஓர் உணவகம் தாக்கப்பட்டது. இந்தியக் கிளைகளில் அச்சுவையூட்டி பயன்படுத்தப்படுவதில்லை என நிறுவனம் விளக்கமளித்தது. 2002இல் எட்டப்பட்ட சமரசத்தின்படி, நிறுவனம் மன்னிப்புக் கோரியதுடன், சைவ உணவு அமைப்புகள், இந்து, சீக்கிய அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் வழங்கவும் இசைந்தது.

இந்தியாவில் விதி என்ன?

பொட்டலமிட்ட உணவில் விலங்கிலிருந்து பெற்ற பொருள் எதுவிருந்தாலும் பழுப்பு முக்கோணக் குறியிட வேண்டும். இல்லையெனில் பச்சை வட்டம். பாலும் பால்பொருட்களும் இவ்வரையறையிலிருந்து விலக்கப்பட்டுள்ளதால், விலங்குக் கொழுப்பேயான நெய் பச்சைக் குறியுடன் விற்பனையாகிறது. உண்பவரின் மனத்தில் நெய்யும் நிணமும் ஒன்றல்ல என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம்.

சிக்கல் எழுவது குறியீட்டு எண்களில்தான். உதாரணமாக, சிப்ஸ், நூடுல்ஸ் போன்றவற்றில் சேர்க்கப்படும் இ-631 என்ற சுவைகூட்டி, இறைச்சி அல்லது மீனிலிருந்தும் பெறப்படலாம்; மரவள்ளி மாவை நொதிக்கவைத்தும் பெறப்படலாம். எண்ணைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது. இதுபோன்ற சேர்க்கைகளின் அளவு எவ்வளவு சிறியதாயினும், அவை தாவர மூலமா, விலங்கு மூலமா, ஆய்வகத்தில் உருவானதா என்பதை முழுமையாக வெளியிட வேண்டும் என 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெளிநாடுகளில் இத்தகைய குறிகளை எதிர்பார்க்க இயலாது. மெக்டொனால்ட்ஸின் அமெரிக்க ஃபிரைஸ் பொருட்பட்டியலில் 'இயற்கை மாட்டிறைச்சிச் சுவை' என்ற சொற்கள் இன்று வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. பிற உணவகங்களில் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள், அதே சட்டியில் இறைச்சியும் பொரிக்கப்படுகிறதா, ஆலையிலிருந்து வரும்போதே சுவையூட்டி சேர்க்கப்பட்டுள்ளதா ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். முதல் கேள்விக்கு 'தாவர எண்ணெய்' என்று வரும் பதில் மற்ற இரண்டுக்கும் பொருந்தாது.