தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி: இரட்டைக் குழலா, பழைய ரிவால்வரா?

பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் 2024 நவம்பரில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டனர். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியாக வசித்த முதிய தம்பதியும் அதேபோல் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகு கொங்குப் பகுதியில் தோட்டத்தில் தனியாகக் குடியிருப்பவர்கள் இருவர் சந்தித்தால், "லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வெச்சுக்கலாமா?" என்ற பேச்சு வருகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

கையில் இருக்கும் பணமோ குறைவு. அந்தப் பணத்துக்கு 12 போர் துப்பாக்கி வாங்குவதா, பழைய வெளிநாட்டு ரிவால்வர் வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. "ரிவால்வர் சின்னது, தலையணைக்கு அடியில் வைக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் சட்டம், விலை, பயன்பாடு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் எதற்கு இடம் தருகிறது?

ஆயுதச் சட்டம் 1959-ன்படி 21 வயது நிறைந்தவர்களே உரிமம் கேட்க முடியும். மாவட்டத்தில் ஆட்சியரும், மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகிறார்கள். காவல்துறை விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவு எடுக்கப்படும்.

இரண்டு ஆயுதங்களையும் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், மறுப்பதற்குச் சட்டத்தில் சொன்ன காரணம் ஏதும் இல்லாதபோது உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கவும், அது போதாது என்று அதிகாரி கருதினால் மேலே சொன்ன வழவழப்பான குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரவும் அதே பிரிவு இடம் தருகிறது. விவசாயியை நினைத்தே எழுதிய வரி இது.

ரிவால்வர் அப்படியல்ல. 'தகுந்த காரணம்' இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். தோட்டத்தில் தனியாக இருக்கிறேன் என்பது ஒரு காரணம்தான். ஆனால் "அதற்கு நீளத் துப்பாக்கி போதாதா?" என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆக, உரிமம் கேட்கும் கட்டத்திலேயே 12 போர் ஒரு படி முன்னால் நிற்கிறது.

விலையில் எது சிக்கனம்?

பழைய ரிவால்வர் என்றால் மலிவாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் நிலைமை தலைகீழ். 1980-களின் மத்தியில் தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தது. அதனால் அதற்கு முன்பு வந்த வெப்ளி அண்ட் ஸ்காட், ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் போன்றவை எண்ணிக்கையில் குறைந்து, விலையில் எகிறிவிட்டன. வயதாக வயதாக விலை கூடும் பொருளாக அவை மாறிவிட்டன. பெயருக்காகத் தரும் பணத்தில் பாதுகாப்பு கூடிவிடாது.

உள்நாட்டுத் தயாரிப்பான .32 போர் ரிவால்வரும் மலிவல்ல. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' ரிவால்வரை அறிமுகப்படுத்தியபோதே அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். ஒற்றைக் குழல் 12 போர் துப்பாக்கி இதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் கிடைக்கும். இரட்டைக் குழல் சற்றுக் கூடுதல்.

தோட்டாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 12 போர் தோட்டா உள்நாட்டில் தாராளமாகத் தயாராகிறது. பழைய ரிவால்வர்களில் சில, ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்திய ரகத்தைச் சேர்ந்தவை. அவற்றில் தடை செய்யப்பட்ட போர் வகைகள் உண்டு. தடை இல்லாவிட்டாலும் தோட்டா கிடைக்காத ரகமாக இருக்கலாம். அதற்குமேல் ரிப்பேர் பார்க்க ஆள் தேடி அலைய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

கையில் எடுத்தால் எது உதவும்?

ரிவால்வரின் குழல் குட்டை. ஒரே குண்டு போகும். பழக்கம் இல்லாதவர் இருட்டில், கை நடுக்கத்தில், பத்து மீட்டரிலேயே குறி தவறுவார். மாதம் ஒரு முறையாவது பயிற்சிக் களத்துக்குப் போகிறவருக்கே அது கைக்கு வரும். விவசாயிக்கு அதற்கு நேரமும் இல்லை, தோட்டாச் செலவும் கட்டாது.

12 போர் தோளில் ஊன்றிப் பிடிப்பது. ரவைகள் பரவிப் போவதால் சிறிய குறித்தவறு பெரிதாகத் தெரியாது. ஆனால் பரவும் ரவைக்கு வேண்டியவர், வேண்டாதவர் தெரியாது. வீட்டு அறைக்குள் அதை வெடிப்பது குடும்பத்தாருக்கே ஆபத்து. பின்னுதையும் பலமாக இருக்கும். எழுபது வயதுக்காரர் வாங்கும் முன் தூக்கி, தோளில் வைத்து, மடக்கித் திறந்து பார்க்க வேண்டும்.

பழையதை வாங்குகிறீர்களா?

* உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். தனிநபரிடம் வாங்கினால், விற்பவர் 45 நாட்களுக்கு முன்பே அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும்.
* துப்பாக்கியில் உள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம்.
* 12 போர் என்றால் குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே துரு, குழி, நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். மடக்குமிடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது.
* பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் வெடித்தால் குழல் வெடிக்கும் ஆபத்து உண்டு. வரிவரியாகத் தெரியும் முறுக்குக் குழல்கள் கருமருந்துக் காலத்தவை. அவற்றைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.
* ரிவால்வர் என்றால், சுத்தியலை ஏற்றிய நிலையில் உருளை அசையக் கூடாது. ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக நிற்க வேண்டும். தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை உறுதி செய்த பிறகே சோதியுங்கள்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி பீரோவில் இருந்தால்...

இது பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அந்த உரிமம் தானாகப் பிள்ளைக்கு வராது. துப்பாக்கியை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்த ஆயுதத்தை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்கின்றன 2016 ஆயுத விதிகள். புதிதாகப் பணம் போடும் முன் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை நிச்சயம்.

பன்றிக்கும் மயிலுக்கும் இது தீர்வல்ல

பாதுகாப்புக்கு வாங்கியதைக் காட்டுப்பன்றி மீது திருப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அது குற்றம். மயில் முதல் பட்டியலில் உள்ள பறவை. தமிழக அரசு 2025-ல் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். விவசாயி செய்ய வேண்டியது கிராம நிர்வாக அலுவலர், வனவர் வழியாகப் புகார் தருவதுதான்.

முதலில் எதற்குச் செலவிடுவது?

பூட்டாத துப்பாக்கி பேரப்பிள்ளை கைக்கும் போகலாம், திருடன் கைக்கும் போகலாம், கடன் நெருக்கும் இரவில் நம் கைக்கே எமனாகவும் வரலாம். எனவே துப்பாக்கி விலையோடு இரும்புப் பெட்டியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். பயிற்சிச் சான்றும் விண்ணப்பத்துக்குத் தேவைப்படும்.

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தேங்காய் திருடி ஓடுகிறவன் முதுகில் சுடுவதற்கு அது துணை வராது.

ஆகவே பட்ஜெட் குறைவு என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வாசலிலும் களத்திலும் விளக்கு, உறுதியான கதவு, கேமரா, குரைக்கும் நாய், பக்கத்துத் தோட்டங்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு, காவல் நிலைய ரோந்துப் பட்டியலில் நம் தோட்டத்தின் பெயர். அதன் பிறகும் துப்பாக்கி அவசியம் என்று தோன்றினால், நல்ல நிலையில் உள்ள 12 போர் ஒன்று. ஒற்றைக் குழலே போதும். பழைய ரிவால்வரைச் சேகரிப்பவர்களுக்கு விட்டுவிடலாம். அந்தப் பணத்தில் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டால், நாம் தூங்கும்போதும் அது விழித்திருக்கும்.