மரப்பேனா கடைவோரின் உரிமையும் காப்பும்

ஏட்டில் குபேர் அங்காடி என்றும் புதுச்சேரிக்காரர்களின் நாவில் என்றென்றும் பெரிய மார்க்கெட் என்றும் வழங்கும் நேரு வீதிக் கடைத்தெருவுக்குக் காய்கறியும் மீனும் வாங்க வருகிறவர், அப்படியே அக்கம்பக்கத்துக் கடைகளில் உப்புத்தாளும் ஒட்டுப்பசையும் விசாரிப்பாரானால், அவர் வீட்டு மாடியில் ஒரு சிறிய லேத்தை வைத்து மரப்பேனா கடையும் வினோதத்தில் மனத்தைப் பறிகொடுத்தவராகவும் இருக்கலாம். தேக்கு, பலா, வேம்பு என வர்ணபேதமுள்ள மரங்களை மெல்லிய வில்லைகளாக அறுத்து, அடுக்கி ஒட்டி, நடுவே துளையிட்டுப் பித்தளைக் குழாயைச் செருகி, லேத்தில் சுழலவிட்டு உளியால் கடைந்தெடுக்கும் இந்தப் பேனா கையடக்கமானது. அதனால்தானோ என்னவோ, இதில் உள்ள அபாயமும் அற்பமானது என்ற பிரமை எளிதில் ஏற்பட்டுவிடுகிறது.

இந்நகரின் ஆலைத் தொழிலாளர்கள், பிரெஞ்சு ஆட்சியில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 உயிர்களைப் பலிகொடுத்த பிறகே எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகள் இங்கே சட்டமாயின. அப்படி அரும்பாடுபட்டுப் பெற்ற சட்டப் பாதுகாப்பு ஆலைக்குள் நிற்கும் தொழிலாளிக்கு உண்டேயன்றி, மாடியறையில் தனியே லேத் ஓட்டும் நமக்கு இல்லை. அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார்; காப்புத் தகடு இருக்கிறதா என்று கேட்பாரும் இல்லை. ஆகவே அந்தக் கடமை முழுவதும் நம்மையே சார்ந்தது.

நிமிஷத்திற்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுச் சுழலும் மரத்தில், பசை சரியாகப் பிடிக்காத ஒரு வில்லை பெயர்ந்தால் அது பாய்கிற இடம் பெரும்பாலும் முகமே. எனவே முழுமுகக் கண்ணாடிக் கவசமின்றி லேத்தைத் தொடலாகாது. கையுறை அணிவது பத்திரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். சுழலும் தண்டு கையுறையின் நுனியைப் பற்றினால் விரலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும் என்பதால், லேத்தின் அருகே அது கூடவே கூடாது. துண்டு, தொளதொளத்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். மெருகேற்றுவதற்குத் துணியை விரலில் சுற்றிக்கொள்ளாமல், இழுத்தால் கிழிந்துவிடும் காகிதத்தையே உபயோகிக்க வேண்டும். நொடியில் ஒட்டும் பசையோ பருத்தித் துணியில் சிந்தினால் புகையும் அளவுக்குச் சூடேறித் தோலைச் சுடும். மடியில் வேட்டியோடு உட்கார்ந்து ஒட்டுகிறவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றினும் கொடியது தூசி. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது ஐயத்துக்கு இடமற்றது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளுமே அதன் முதல் இலக்கு. இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவிலிருந்தும் சட்டங்களிலிருந்தும் பர்மா தேக்கு கிடைக்கும் நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடுக்கடுக்காகப் பூசப்பட்ட வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்ப்பது, ஈயத்தைக் குழந்தைகள் நடமாடும் வீட்டுக் காற்றில் கலப்பதற்குச் சமானம். வர்ணமேறிய பகுதியை அறுத்து அகற்றிய பிறகே உள்மரத்தைக் கையாள வேண்டும். அதில் பழைய ஆணி புதைந்திருக்கிறதா என்று காந்தத்தால் சோதிக்கவும் வேண்டும். இந்தத் தூசிக்குக் கைக்குட்டை போதாது, ஐ.எஸ். 9473 தரமுத்திரை பெற்ற முகக்கவசம் வேண்டும்.

கண்ணில் சிராய் குத்தி நின்றால் தேய்க்காமலும் பிடுங்காமலும், அழுத்தம் படாதபடி மூடி, உடனே கோரிமேடு ஜிப்மருக்கோ தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும்.

இனி, லேத்தை விலை கொடுத்து வாங்குகிறவருடைய உரிமை. "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்ற வார்த்தையில் மயங்கிச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துகிறவர், பின்னால் வழக்காடுவதற்குரிய பிரதான ஆதாரத்தையே கைவிடுகிறார். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகமாகும். லேத்தின் குறைபாட்டினாலோ, தகுந்த எச்சரிக்கையும் உபயோகக் குறிப்பும் தராததனாலோ காயம் நேர்ந்தால், உற்பத்தியாளரிடம் நஷ்டஈடு கோர அதே சட்டம் வழிசெய்கிறது. காப்புத் தகட்டை நாமே கழற்றியிருந்தாலோ, இயந்திரத்தை நம் இஷ்டப்படி மாற்றியிருந்தாலோ அந்தக் கோரிக்கை வலுவிழந்துபோகும். உடைந்த பாகம், அட்டைப்பெட்டி, மருத்துவர் சீட்டு ஆகிய எதையும் எறிந்துவிடலாகாது.

இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டில்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் புதுச்சேரியிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமே இல்லை. ஆனால் காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள் மனு செய்தாக வேண்டும்.

கடைந்த பேனாக்களை விற்கத் தொடங்குகிறவருக்கு இதே சட்டம் கடமைகளையும் விதிக்கிறது. வேறு மரத்துக்குச் செம்மரம் என்று பெயரிட்டு விற்பது வஞ்சனையே. மெய்யாகவே செம்மரமாயின், சட்டபூர்வமாக வாங்கியதற்கான ரசீது கையில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. செம்மரத்தின் ஏற்றுமதிக்கு இந்தியாவில் கடுமையான கட்டுப்பாடுகள் இருப்பதால், பாரிஸில் வாழும் உறவினருக்குப் பரிசாக அனுப்பும் ஒரேயொரு பேனாவுக்கும் முன்கூட்டியே வனத்துறையிடமும் சுங்கத்துறையிடமும் கேட்டுத் தெளிவது அவசியம்.